முப்புரம் எரிந்தது எங்கே?

இம்முறை வந்த கடிதங்களில் ஐந்து ஒரே பொருளைச் சுற்றி அமைந்திருந்ததால், மற்றவற்றை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு அந்த ஐந்துக்கு மட்டும் விடை எழுதுகிறேன்.

கேள்வி: புராணங்களிலும் பிற சமய நூல்களிலும் வரும் கதைகளை நடந்த நிகழ்ச்சிகளாக நம்ப வேண்டுமா, உட்பொருள் கொண்ட குறியீடுகளாகக் கொள்ள வேண்டுமா? "குறியீடு" என்பதே அறிவியல் வளர்ந்த பிறகு பக்தர்கள் கண்டுபிடித்த சமாதானம் என்று என் நண்பர் சொல்கிறார். (ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்)

உங்கள் நண்பரின் கூற்றை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் அது தவறு என்பதைச் சான்றோடு காட்டிவிட முடியும். சிவபெருமான் முப்புரம் எரித்த கதையைப் பற்றித் திருமூலர் பாடும்போது, "முப்புரஞ் செற்றனன் என்பர்கள் மூடர்கள்" என்று சொல்லிவிட்டு, முப்புரம் என்பது மும்மலங்களின் காரியம் என்றும், அந்தப் புரத்தின்மேல் அம்பு எய்ததை அறிந்தவர் யார் என்றும் கேட்கிறார். ஆணவம், கன்மம், மாயை என்னும் மூன்றும் எரிய வேண்டிய இடம் வானத்தில் இல்லை, உயிரைப் பற்றிய கட்டில் இருக்கிறது என்பது அவர் கருத்து. தொலைநோக்கியும் படிவளர்ச்சிக் கொள்கையும் தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன், சைவத் திருமுறைக்குள்ளேயே, ஒரு சித்தர் வாயிலிருந்து வந்த சொல் இது. இன்று யாரேனும் ஒரு மேடையில் இதே "மூடர்கள்" என்னும் சொல்லை இதே பொருளில் பயன்படுத்தினால் என்ன நடக்கும் என்பதை வாசகர்களின் கற்பனைக்கு விடுகிறேன்.

இன்னும் பின்னே போகலாம். கிறிஸ்து பிறப்பதற்குச் சில நூற்றாண்டுகளுக்கு முன் வேதச் சொற்களுக்குப் பொருள் எழுதிய யாஸ்கர், இந்திரன் கொன்ற விருத்திரன் யார் என்ற கேள்வியை எழுப்பி, அவன் மேகமே என்று சொற்பொருள் ஆய்வாளர்கள் சொல்வதாகவும், த்வஷ்டாவின் மகனாகிய அசுரன் என்று இதிகாசக்காரர்கள் சொல்வதாகவும் இரு கட்சிகளையும் அடுத்தடுத்து வைக்கிறார். நீரும் ஒளியும் கலப்பதால் மழை உண்டாகிறது, போர் என்று சொல்வது உவமைக்காகவே என்ற விளக்கமும் அங்கேயே இருக்கிறது. கிரேக்கத்தில், ஹோமரின் காவியத்தில் தெய்வங்கள் ஒருவரோடொருவர் சண்டையிடும் பகுதி பெரியோருக்கு நாணத்தைத் தந்தபோது, கி.மு. 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தியாஜெனிஸ் என்பவர் அது நெருப்பும் நீரும் போன்ற இயற்கைப் பொருள்களின் முரண் என்று விளக்கினார். கி.பி. 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் கிறிஸ்தவ அறிஞர் ஒரிகன், சூரியனும் சந்திரனும் படைக்கப்படுவதற்கு முன்பே முதல் நாளும் இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் காலையும் மாலையுமாக இருந்தன என்று அறிவுள்ள எவர் நம்புவார் என்று கேட்டார். யூதர்களின் சமயச் சட்ட நூலாகிய தால்முதில், பைபிளில் பெருந்துன்பம் பட்டவராக வரும் யோபு என்பவர் இருந்ததே இல்லை, அது ஓர் உவமைக் கதை என்று ஓர் அறிஞர் சொன்ன கருத்து, மறுப்புகளோடு சேர்த்து மதிப்போடு பதிவாகியிருக்கிறது.

ஆனால் இந்தப் பட்டியலைக் காட்டி, "பார்த்தீர்களா, முன்னோர் எல்லாவற்றையும் குறியீடாகவே கொண்டார்கள்" என்று முடிவு கட்டினால் அதுவும் பொய்யாகிவிடும். தேவாரம் பாடிய மூவரும் முப்புரம் எரித்ததை இறைவன் செய்த பெருஞ்செயலாகவே நெகிழ்ந்து பாடினார்கள். திருமூலரே, வீரட்டம் எனப்படும் சிவபெருமானின் வீரச் செயல்கள் எட்டையும் பாடும் அதே பகுதியில், அந்தகாசுரன் உலகத்து உயிர்களை வருத்தியதையும், வானவர் வேண்டியதன்பேரில் இறைவன் சூலம் ஏந்தி அவனைக் கொன்றதையும் கதையாகவே சொல்லிப் போகிறார். ஒரே புலவர், ஒரே பகுதியில், ஒரு கதையைக் கதையாகவும் இன்னொன்றை உட்பொருளாகவும் கையாள்வதில் எந்தத் தடுமாற்றமும் இல்லை. தடுமாற்றம் நமக்குத்தான், "இரண்டில் ஒன்றைச் சொல்" என்று நூல் முழுவதற்கும் ஒரே விடை கேட்பவர்கள் நாம்.

"ஊரே சிரித்தது" என்று ஒருவர் சொன்னால், கட்டடங்கள் சிரித்தன என்று நாம் எண்ணுவதில்லை. ஆகுபெயர் என்று இலக்கணம் கற்றவர் சொல்வார், கல்லாதவருக்கும் அது புரியும். அந்த வாக்கியத்தின் நேர்ப்பொருளே ஊரில் உள்ளவர்கள் சிரித்தார்கள் என்பதுதான். இந்த நுட்பத்தை 13ஆம் நூற்றாண்டில் கிறிஸ்தவ இறையியல் அறிஞர் தாமஸ் அக்குவினாஸ் எடுத்துக்காட்டினார்: "கடவுளின் கை" என்று மறைநூல் சொல்லும்போது, கடவுளுக்கு உறுப்பு உண்டு என்பது அதன் நேர்ப்பொருள் ஆகாது, அந்தச் சொல்லால் குறிக்கப்படும் செயலாற்றலே நேர்ப்பொருள். ஆகவே, சொல்லை எழுத்தெழுத்தாகப் பிடித்துக்கொள்பவர் நூலுக்கு உண்மையாக இருக்கிறார் என்ற எண்ணம் எனக்கு ஒருபோதும் உடன்பாடானதில்லை. பல நேரங்களில் அவர்தான் நூலைத் தவறாகப் படிப்பவர்.

கேள்வி: எல்லாவற்றையும் குறியீடு என்று சொல்லிக்கொண்டே போனால், கடைசியில் கடவுளும் குறியீடுதான் என்றாகிவிடாதா? எங்கே நிறுத்துவது என்பதற்கு அளவுகோல் ஏதேனும் உண்டா? (கல்லூரி மாணவி ஒருவர்)

மிக நல்ல கேள்வி. சமய அறிஞர்கள் அஞ்சியதும் இதற்குத்தான். அதனால்தான் கட்டுப்பாடின்றி உட்பொருள் காணும் உரிமையை அவர்கள் எளிதில் யாருக்கும் கொடுத்துவிடவில்லை. 12ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினின் கொர்தோபாவில் பிறந்த இஸ்லாமியத் தத்துவ அறிஞர் இப்னு ருஷ்து, ஐயமற நிறுவப்பட்ட உண்மையோடு மறைவசனத்தின் வெளிப்பொருள் முரண்பட்டால் மட்டுமே உட்பொருளுக்குப் போக வேண்டும் என்றும், அப்போதும் அரபு மொழியின் வழக்கு இடம் கொடுக்கும் அளவுக்கே போகலாம் என்றும் வரம்பு கட்டினார். வேத வாக்கியங்களுக்குப் பொருள்காணும் முறையை ஆராய்ந்த மீமாம்சகர்கள் இதைவிட நுணுக்கமாகப் பிரித்தார்கள். வேதத்தில் கட்டளையாக அமைந்தது விதி. அதைப் புகழ்ந்தும் விளக்கியும் வருவது அர்த்தவாதம். "வேள்வித் தூணே சூரியன்" என்ற வாக்கியம் கண்ணால் காண்பதோடு முரண்படுவதால், தூணின் ஒளியைச் சொல்லும் புனைந்துரை என்று கொண்டார்கள். வேறு வழியில் நமக்கு முன்பே தெரிந்ததைச் சொன்னால் அது வெறும் வழிமொழிதல். முரணும் இல்லாமல் முன்பே தெரிந்ததாகவும் இல்லாமல் ஒரு செய்தி வந்தால், அதை உள்ளபடியே ஏற்றார்கள். ஒரு வாக்கியம் எந்த வகையைச் சேர்ந்தது என்று கேட்டபிறகே அது மெய்யா என்று கேட்கும் இந்த முறையைவிடச் சிறந்த அளவுகோல் எனக்குத் தெரியவில்லை.

இதோடு, நூலே நமக்குக் காட்டும் குறிப்புகளையும் கவனியுங்கள். புத்தரை மயக்க வந்த மாரனின் மகள்கள் மூவரின் பெயர்கள் தண்ஹா, அரதி, ராகா. அதாவது வேட்கை, வெறுப்பு, காமம். உரையாசிரியர் தேவையே இல்லாமல் பாத்திரங்களின் பெயர்களே பொருள் சொல்லிவிடுகின்றன. எபிரேயத்தில் ஆதாம் என்ற சொல்லுக்கே மனிதன் என்று பொருள். பைபிளின் ஆதியாகமத்தில் முதல் அதிகாரம் விலங்குகளுக்குப் பின் மனிதன் படைக்கப்பட்டதாகச் சொல்கிறது. இரண்டாம் அதிகாரத்தில் மனிதன் முதலில் உருவாக்கப்படுகிறான், விலங்குகள் அவனுக்குத் துணை தேடும் முயற்சியில் பின்னால் வருகின்றன. இவ்விரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்த தொகுப்பாளருக்கு இந்த வேறுபாடு கண்ணில் படாமல் போயிருக்கும் என்று நான் நினைக்கவில்லை. நாள்வாரியாக நடந்ததைப் பதிவுசெய்வது அவர் நோக்கமாக இருந்திருந்தால், ஏதேனும் ஒன்றை நீக்கியிருப்பார்.

ஆனால் நிறுத்த வேண்டிய இடங்களும் உண்டு. கிறிஸ்து உயிர்த்தெழவில்லை என்றால் எங்கள் போதனையும் வீண், உங்கள் நம்பிக்கையும் வீண் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதினார். இங்கே பேசுபவர் தாம் ஒரு நிகழ்ச்சியைச் சொல்வதாக வெளிப்படையாக அறிவிக்கிறார். அது வசந்தகாலத்தின் குறியீடு என்று நாம் தாராளமாக விளக்கினால், அவரை மதித்தவர்கள் ஆக மாட்டோம். அவர் சொன்னதை ஏற்கலாம், மறுக்கலாம். மென்மையாக்கிக் கொள்வது மட்டும் நேர்மையாகாது. உங்கள் கேள்வியின் முதற்பாதிக்கும் இதிலேயே விடை இருக்கிறது. கடவுளுக்குக் கை இல்லை என்று சொன்ன அக்குவினாஸ், கடவுள் இல்லை என்று சொல்லவில்லை. மும்மலத்தைச் சொன்ன திருமூலருக்குச் சிவன் உவமைப்பொருள் ஆகிவிடவுமில்லை.

கேள்வி: அண்மையில் ஒரு சொற்பொழிவில், அகலிகை கதை சூரியனும் இரவும் பற்றிய உருவகம்தான், அதில் யாரும் தவறு செய்யவில்லை என்று விளக்கினார்கள். கேட்டு நிம்மதி வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. என் எரிச்சல் நியாயமா? (வாசகி ஒருவர்)

நியாயமே. அந்த விளக்கம் சொற்பொழிவாளரின் கண்டுபிடிப்பன்று. மீமாம்சை அறிஞர் குமாரில பட்டர் எழுதியது. இந்திரன் என்பது ஒளிமிக்க சூரியன், அகலிகை என்பது பகலில் கரைந்துபோகும் இரவு, சூரியன் வரும்போது இரவு தேய்கிறது, அவ்வளவுதான் செய்தி என்றார் அவர். அவர் எந்த இடத்தில் இதைச் சொன்னார் என்பதைப் பார்க்க வேண்டும். நல்லோரின் ஒழுக்கமே நமக்கு வழிகாட்டி என்றால், தேவர்களும் முனிவர்களும் செய்த தகாத செயல்களையும் பின்பற்றலாமா என்ற எதிர்வாதத்துக்கு விடை சொல்லும்போதுதான் இந்த விளக்கம் பிறக்கிறது. அவருடைய கவலை இந்திரனைப் பற்றியது. அந்தக் கவலையை உருவகம் தீர்த்துவிடுகிறது. கூடவே அகலிகையின் தண்டனையும், நெடுங்காலக் காத்திருப்பும், அவள் பக்கத்து நியாயமும் காணாமல் போகின்றன. தெய்வத்தின் மேல் பட்ட கறையை வெளுப்பதற்காகக் குறியீடு பயன்படும் இடங்களில், கதையில் துன்பப்பட்டவரும் சேர்த்தே வெளுக்கப்பட்டுவிடுகிறார்.

புலவர்கள் இந்த வகையில் உரையாசிரியர்களைவிட நேர்மையானவர்கள். வால்மீகியிடத்தில் அகலிகை கல்லாவதில்லை. காற்றையே உணவாகக் கொண்டு, சாம்பலில் கிடந்து, எவர் கண்ணுக்கும் புலப்படாமல் இருக்கும்படி சபிக்கப்படுகிறாள். கம்பரிடத்தில் கல்லாகிறாள். அவள் என்ன அறிந்திருந்தாள் என்பதிலும் இருவரும் வேறுபடுகிறார்கள். ஒவ்வொருவரும் அவள் மனத்துக்குள் புகுந்து பார்த்து, தமக்குத் தோன்றிய நீதியோடு அவளை மீட்கிறார்கள். இப்படி மாற்றிச் சொல்லத் துணிந்தவர்கள் அதை நீதிமன்றச் சாட்சியம்போலக் கருதியிருக்க முடியாது. இரவு பகல் கணக்கு என்றும் கருதியிருக்க முடியாது. ஒரு பெண்ணின் கதையாகவே கருதினார்கள். நீங்களும் அப்படியே படியுங்கள்.

கேள்வி: பழைய நூல்களில் விமானமும் அணு ஆயுதமும் இருப்பதாகச் சொல்கிறார்களே? (பொறியாளர் ஒருவர்)

சொல்கிறார்கள். ரிஷி ஒருவர் அருளியதாகச் சொல்லப்பட்ட வைமானிக சாஸ்திரத்தைப் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் ஆய்வாளர்கள் 1974இல் ஆராய்ந்து, அது 20ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்டது என்றும், அதில் கண்ட ஊர்திகள் பறக்கக்கூடியவையல்ல என்றும் எழுதினார்கள். 1650இல் அயர்லாந்துப் பேராயர் அஷர், பைபிளின் வம்சவரிசைகளைக் கூட்டிக் கழித்து உலகம் கி.மு. 4004இல் படைக்கப்பட்டது என்று நாள் குறித்ததும் இதே மனப்போக்குத்தான். ஆயினும் அஷர்மேல் எனக்குக் கொஞ்சம் மரியாதை உண்டு. அவர் தம் காலத்தில் கிடைத்த எல்லாக் காலக்கணக்குகளையும் உண்மையாகவே உட்கார்ந்து படித்தவர்.

கேள்வி: ஏழு வயது மகளுக்கு இரவில் கதை சொல்கிறேன். "இது நிஜமா நடந்ததா?" என்று இடையில் நிறுத்திக் கேட்கிறாள். என்ன சொல்வது? (தந்தை ஒருவர்)

கதையின் நடுவில் கேட்டால், "முடித்துவிட்டுச் சொல்கிறேன்" என்று சொல்லுங்கள். முடித்தபின் கேட்டால், நீங்கள் உண்மையாக என்ன நம்புகிறீர்களோ அதைச் சொல்லுங்கள். தெரியாதென்றால் தெரியாது என்று சொல்லுங்கள். ஆனால் கதைக்கு முன்பே, "இது வெறும் குறியீடம்மா" என்று முன்னுரை வாசிக்க வேண்டாம். ஏன் என்பதற்குப் பைபிளிலேயே ஒரு கதை இருக்கிறது.

தாவீது அரசன் தன் படைவீரன் உரியாவின் மனைவியைக் கவர்ந்து, அவனைப் போர்முனையில் சாகும்படி அனுப்பிவிடுகிறான். தீர்க்கதரிசி நாத்தான் அரசனிடம் வந்து ஒரு வழக்கைச் சொல்கிறார். ஓர் ஊரில் ஒரு செல்வன், ஒரு ஏழை. ஏழையிடம் இருந்தது ஒரே ஓர் ஆட்டுக்குட்டி. அவன் உணவை உண்டு, அவன் கிண்ணத்தில் குடித்து, அவன் மடியில் மகளைப்போல உறங்கி வளர்ந்தது. செல்வனுக்கு விருந்தாளி வந்தபோது, தன் மந்தையில் கைவைக்க மனமில்லாமல், அந்தக் குட்டியைப் பிடுங்கி அடித்துச் சமைத்தான். தாவீது இதை நடந்த நிகழ்ச்சி என்றே எண்ணிக்கொள்கிறான். கோபம் பொங்க, இதைச் செய்தவன் சாக வேண்டும், அந்தக் குட்டிக்கு நான்கு மடங்கு ஈடு கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பும் சொல்லிவிடுகிறான். அதுவரை காத்திருந்த நாத்தான் அதன் பிறகுதான் சொல்கிறார்: "அந்த மனிதன் நீயே."