சுவரில் ஏறும் டேக்கிள் கணக்கு

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். கோயம்புத்தூரிலிருந்து டாலஸின் வடக்குப் புறநகருக்கு வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. ஊரில் பள்ளிக் கபடி ஆடிக்கொண்டிருந்த மகன், இங்கே பத்தாம் வகுப்பில், பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்க ஃபுட்பால் அணியில், முன்வரிசைக்குப் பின்னால் நின்று தடுக்கும் லைன்பேக்கர் ஆகிவிட்டான். பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தின் வாசலில் பழைய மாணவர்களின் பெயரும் அவர்கள் எடுத்த டேக்கிள் எண்ணிக்கையும், அதாவது பந்தோடு ஓடுபவனை எத்தனை முறை வீழ்த்தினார்கள் என்பதும், எழுதிய பலகை தொங்குகிறது. அதில் தன் பெயரை ஏற்ற வேண்டும் என்று அவன் இரவும் பகலும் அதே நினைவாக இருக்கிறான். அந்த எண்ணுக்கு என்ன மதிப்பு, கல்லூரியில் இடம் வாங்கித் தருமா, தலையில் அடிபட்டால் என்ன ஆவது என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசிக் கேள்வி உங்கள் மனைவியுடையது என்று நினைக்கிறேன்.

நான் டெக்சாஸுக்கு வந்து 23 வருடம் ஆகிறது. என் மூத்தவன் இதே ஆட்டம் ஆடினான். பூஸ்டர் கிளப் என்று இங்கே சொல்லும் பெற்றோர் சங்கத்துக்காக, மைதானத்தின் உச்சியில் இருக்கும் கண்ணாடி அறையில் உட்கார்ந்து இரண்டு பருவம் டேக்கிள் கணக்கு எழுதியவள் நான். ஆகவே அந்தப் பலகையின் ரகசியம் எனக்குத் தெரியும். அதில் இருக்கும் எண்களை எழுதியது என்னைப் போன்ற ஒருத்தியோ, உதவிப் பயிற்சியாளர் ஒருவரோதான். நடுவர்கள் டேக்கிளை எண்ணுவதில்லை.

கபடியில் பாடி வருபவனை நான்கு பேர் சேர்ந்து அமுக்கினாலும் அணிக்கு ஒரு புள்ளிதான். யார் பிடித்தது என்ற சண்டை வீட்டுக்குப் போகும் வழியில் நடக்கும். இங்கே அந்தச் சண்டையைக் காகிதத்தில் நாம் தீர்க்க வேண்டும். பந்து வைத்திருப்பவனை ஒருவனே வீழ்த்தினால் தனி டேக்கிள். இருவர் சேர்ந்து வீழ்த்தினால் ஆளுக்கு ஒரு துணை டேக்கிள். எல்லைக் கோட்டுக்கு வெளியே தள்ளிவிட்டாலும் டேக்கிள்தான். விழுந்த பிறகு மேலே வந்து குவிபவனுக்கு எதுவும் கிடையாது. ஆனால் மழை பெய்யும் இரவில், ஏழு பேர் குவிந்து கிடக்கும்போது, முதலில் தொட்டவன் யார் என்று 50 கெஜத்துக்கு அப்பாலிருந்து யாரால் சொல்ல முடியும்? போதாக்குறைக்கு, துணை டேக்கிளைச் சில பள்ளிகள் அரையாகவும் சில பள்ளிகள் முழு ஒன்றாகவும் கூட்டுகின்றன. உள்ளூர்ப் பையன்களின் கணக்குத் தாராளமாகவே வரும். நானும் தாராளமாக எழுதியிருக்கிறேன் என்பதை இங்கே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

ஒரு வெள்ளிக்கிழமை என் மகனுக்கு 14 என்று எழுதினேன். சனிக்கிழமை காலை பயிற்சியாளர்கள் ஹடல் செயலியில் ஆட்டப் பதிவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தார்கள். 14 பதினொன்றாக இறங்கியது. வீட்டில் இரண்டு நாள் என்னோடு பேச்சு இல்லை. ஹடல் வருவதற்கு முன்பு எழுதப்பட்ட பழைய சாதனைகளை இப்படி யாரும் திருத்தவில்லை. அவை எழுதியவர் கையில் எப்படி வந்தனவோ அப்படியே சுவரில் இருக்கின்றன.

இது பள்ளியின் குறை மட்டும் அன்று. மைக் சிங்கிள்டரி ஹூஸ்டனில் வளர்ந்தவர், பின்னாளில் சிகாகோ பேர்ஸ் அணியின் புகழ்பெற்ற லைன்பேக்கர். பெய்லர் பல்கலைக்கழகத்தில் 1977 முதல் 1980 வரை ஆடியபோது அவர் எடுத்தவை 662 டேக்கிள்கள் என்பது அந்தப் பல்கலைக்கழகத்தின் கணக்கு. ஆனால் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. தடுப்பாட்ட எண்களை அதிகாரபூர்வமாகச் சேர்க்கத் தொடங்கியது 2000-ஆம் ஆண்டில்தான். அதனால் அதன் ஏட்டில், பெரிய கல்லூரிகளின் வரிசையில், 2022 வரை முதலிடம் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் டிம் மக்கேரிகிலுக்கு இருந்தது, 545 டேக்கிள்களோடு. 662 பெரிதா 545 பெரிதா என்று உங்கள் மகனிடம் கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்றும் உண்டு. எங்கள் மகன் அதிக டேக்கிள் எடுத்த வருடம்தான் அணி இரண்டே ஆட்டங்களில் வென்றது. எதிரணி பந்தை விடாமல் வைத்துக்கொண்டு ஓடிக்கொண்டே இருந்தால், வீழ்த்துவதற்கு ஆள் வந்துகொண்டே இருப்பான் அல்லவா? என் மகன் பின்வரிசையில், கடைசித் தடுப்பாளான சேஃப்டியாக ஆடியவன். சேஃப்டியின் கணக்கு ஏறுகிறது என்றால் முன்வரிசை ஓட்டையாக இருக்கிறது என்று பொருள். நான் கைதட்டிக்கொண்டிருந்தேன், பக்கத்தில் இருந்த வயதான டெக்சாஸ்காரர் தலையில் கைவைத்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஆட்டம் தெரிந்திருந்தது.

நல்ல அணிகளுக்கு வேறு வகையில் எண் பெருகும். வழக்கமான பருவத்தில் ஓர் அணிக்குப் பத்து ஆட்டம். மாநில இறுதி ஆட்டம் வரை போகும் அணி 16 ஆட்டம் ஆடிவிடும். சிறிய ஊர்களில் ஆறு பேர் அணியாக, 80 கெஜ மைதானத்தில் ஆடும் ஆட்டமும் இந்த மாநிலத்தில் உண்டு. அங்கே ஆட்டமே வேறு. இதையெல்லாம் ஒரே தராசில் நிறுக்க முடியாது. உங்கள் மகன் இப்போது ஆடுவது ஜே.வி. என்னும் இரண்டாம் நிலை அணியில் என்றால் இன்னொன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள். எங்கள் பள்ளியில் பலகைக்கு வார்சிட்டி என்னும் முதன்மை அணியின் ஆட்டங்கள் மட்டும்தான் கணக்கு.

கல்லூரி விஷயம். இந்த நாட்டில் ஏறத்தாழ பத்து லட்சம் பையன்கள் பள்ளியில் இந்த ஆட்டம் ஆடுகிறார்கள். என்.சி.ஏ.ஏ. கல்லூரிகளில் ஆடப் போகிறவர்கள் நூற்றுக்கு ஏழு பேர் அளவில்தான். அதிலும் மூன்றாம் பிரிவுக் கல்லூரிகள் ஆட்டத்துக்காக உதவித்தொகை தருவதே இல்லை. கல்லூரிப் பயிற்சியாளர்கள் பலகையைப் பார்க்க மாட்டார்கள். மூன்று நிமிட வீடியோ, உயரம், ஓட்ட வேகம், மதிப்பெண் இவற்றைத்தான் பார்ப்பார்கள். மதிப்பெண் என்றதும் உங்கள் மனம் கொஞ்சம் குளிரும்: டெக்சாஸில் 1984-இல் வந்த சட்டப்படி, ஒரு பாடத்தில் 70-க்குக் கீழே போனாலும் பையன் ஆட முடியாது. நான் எத்தனை சொல்லியும் படிக்காத வேதியியலை, என் மகனை உட்கார்த்திப் படிக்கவைத்தது அந்தச் சட்டம்.

இனி உங்கள் மனைவியின் கேள்வி. அவருடைய பயத்தை நான் சிரித்து ஒதுக்க மாட்டேன். 1968-இல் மட்டும் நாடு முழுவதும் 36 பேர் இந்த ஆட்டத்தின் மோதலால் நேரடியாக உயிரிழந்தார்கள். தலைக்கவசத்தால் முட்டி வீழ்த்துவதை 1976-இல் பள்ளியிலும் கல்லூரியிலும் தடை செய்தார்கள். 1990-இல் அப்படி ஒரு மரணம்கூட நிகழவில்லை. ஆனால் மூளை அதிர்ச்சி ஒழிந்துவிடவில்லை. 2011-இல் இந்த மாநிலம் கொண்டுவந்த சட்டப்படி, அதிர்ச்சி என்ற சந்தேகம் வந்தாலே பையனை ஆட்டத்திலிருந்து எடுத்துவிட வேண்டும், அன்றே திரும்ப விடக் கூடாது. பிறகு திரும்ப ஆட மருத்துவர் எழுத்தில் அனுமதி தர வேண்டும், பெற்றோரும் கையெழுத்திட வேண்டும். அந்தத் தாளைப் படிக்காமல் கையெழுத்திடாதீர்கள். பருவ நேரத்தில் முழு மோதல் பயிற்சி வாரத்துக்கு ஒரு பையனுக்கு 90 நிமிடத்துக்கு மேல் கூடாது என்று பள்ளி விளையாட்டுகளை நடத்தும் யூ.ஐ.எல். 2013-இல் விதி கொண்டுவந்தது. அது நடக்கிறதா என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

எத்தனை டேக்கிள் என்று மகனிடம் கேட்காதீர்கள். தலையை எந்தப் பக்கம் வைத்தாய் என்று கேளுங்கள். ரக்பியைப் பார்த்து இப்போது பல பள்ளிகளில் சொல்லித்தருவது இதுதான்: கண் நிமிர்ந்திருக்க வேண்டும், தோள்தான் முதலில் படவேண்டும், கை தொடையைச் சுற்ற வேண்டும், தலை, பந்தோடு ஓடுபவனின் உடம்புக்கு வெளியே இருக்க வேண்டும். கபடியில் தொடை பிடித்துப் பழகியவனுக்கு இது பாதி தெரிந்த வித்தை. எண்ணிக்கைக்காகத் தாமதமாக வந்து குவியலில் பாய்கிற பழக்கம் மட்டும் அவனுக்கு வரக் கூடாது. வந்தால் பயிற்சியாளரிடம் நீங்களே போய்ச் சொல்லுங்கள்.

ஜே.வி. ஆட்டம் பெரும்பாலும் வியாழக்கிழமைதான் இருக்கும். இருவருமாகப் போங்கள். ஆலன் ஊரில் 18,000 பேர் உட்காரும் பள்ளி மைதானத்தைப் பார்த்து மலைத்துவிடாதீர்கள். வியாழக்கிழமை உங்களைச் சுற்றி அறுபது பேர் இருந்தால் அதிகம். அலுமினிய பெஞ்சு நவம்பரில் ஐஸ்கட்டி. உட்காரும் மெத்தை என் வீட்டில் இரண்டு சும்மா கிடக்கிறது, வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.