தம்பிக்குப் படகில் வேலை – கடிதம்

வணக்கம் சார்,

நாங்கள் மும்பை செம்பூர். தம்பி ஹோட்டல் மேனேஜ்மென்ட் முடித்தவன். அந்தமானில் சுற்றுலாக்காரர்களைத் தூண்டில் போடக் கூட்டிப்போகும் படகில் ஃபர்ஸ்ட் மேட் வேலை கிடைத்திருக்கிறது. மர்ச்சன்ட் நேவியில் சேர்ந்துவிட்டான் என்று அப்பா சொசைட்டி முழுக்கச் சொல்லிவிட்டார். மீன் கழுவவா படிக்க வைத்தோம் என்று அம்மா அழுகிறார். நீங்கள் கடல் பற்றி எழுதுகிறவர். யார் சொல்வது சரி?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

அப்பா சொல்வது சரியில்லை. சரக்குக் கப்பலில் ஃபர்ஸ்ட் மேட் பதவிக்கு டி.என்.எஸ். என்ற கப்பல் டிப்ளமோ படிப்பு 1 வருடம், கடல் பயிற்சி 18 மாதம், அப்புறம் செகண்ட் மேட் தேர்வு என்று படிப்படியாக ஏற வேண்டும். தம்பியின் வேலை அந்த வரிசையிலேயே வராது. சொசைட்டியை அப்பாவே சமாளிக்கட்டும்.

அம்மா சொல்வது பாதி சரி. தளம் கழுவுவது உண்டு. மீன்தான் குறைவு. அங்கே பெரிய பாறை மீன் சிக்கினால் பெரும்பாலும் படம் எடுத்துக்கொண்டு கடலிலேயே விட்டுவிடுவார்கள். கேப்டன் சுக்கானைப் பிடித்திருக்க, பின்தளத்தில் நடப்பதெல்லாம் மேட் பொறுப்பு. கொக்கியின் எதிர்முள்ளைக் குறட்டால் நசுக்கி வைப்பதும், தங்கூஸ், அதாவது தூண்டில் நரம்பின் முடிச்சை இழுத்துப் பார்ப்பதும் அவன்தான். புதிதாக வருகிறவர் போலி மீனை வீசும்போது மும்முனைக் கொக்கி யார் காதுப் பக்கம் போகிறது என்று பார்க்க வேண்டும். மீன் படகருகே வந்ததும் நரம்பைக் கையால் பிடிப்பான். கழற்ற முடியாதபடி அதை விரலில் சுற்றிக்கொள்ளவே கூடாது. மீன் திரும்பி ஓடினால் ஆளையும் சேர்த்து இழுத்துவிடும்.

நம் சசூன் டாக் மீன் துறையில் கரையேறும் மீன்பிடிப் படகுக் கலாசி யாரைப் பார்த்தும் சிரிக்க வேண்டியதில்லை. வலையில் மீன் இருந்தால் போதும். தம்பியின் படகில் நாள் முழுக்க ஒன்றும் கடிக்காது, ஒருவர் வாந்தி எடுப்பார், இன்னொருவர் தானே நரம்பை அறுத்துக்கொண்டு உன் முடிச்சு சரியில்லை என்பார். முகம் கோணாமல் அடுத்த தூண்டிலைக் கட்டித் தர வேண்டும். தம்பி படித்த படிப்பு அங்கேதான் உதவும். எனக்கெல்லாம் இந்தப் பொறுமை கிடையாது.

சேரும் முன் சிலவற்றைக் கேட்டு எழுதி வாங்கச் சொல்லுங்கள். மழைக்காலத்தில் படகு கட்டிக்கிடக்கும், அப்போது சம்பளம் உண்டா? டிப்ஸ் எப்படிப் பிரியும்? அடிபட்டால் செலவு யாருடையது?

நீச்சல் தெரியுமா என்று நீங்கள் எழுதவில்லை. செம்பூரிலேயே மாநகராட்சிக் குளம் இருக்கிறது. நாளைக்கே போகச் சொல்லுங்கள்.