ராத்திரியில் ஓடைக்கு வரும் சாயக்கழிவு: மனுவில் எதைக் கேட்க வேண்டும்?

கேள்வி: திருப்பூருக்குக் கிழக்கே, நொய்யலில் சேரும் ஓடைக்கரையில் எங்கள் தோட்டம் இருக்கிறது. மழை பெய்யும் ராத்திரிகளில் ஓடைத் தண்ணீர் நிறம் மாறி வருகிறது, கிணறும் உப்புக் கரிக்கிறது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு இரண்டு முறை மனு கொடுத்தோம். ‘ஆய்வின்போது கழிவு வெளியேற்றம் காணப்படவில்லை’ என்றே பதில் வந்தது. எங்கள் வீட்டுப் பிள்ளைகளும் பனியன் கம்பெனிக்குத்தான் போகிறார்கள். ஆர்டர் குறைந்திருக்கும் இந்த நேரத்தில் எல்லாப் பட்டறையையும் மூடச் சொல்ல எங்களுக்கு மனமில்லை. வேறு வழி உண்டா?

பதில்: உண்டு. உங்கள் மனுக்கள் நிறத்தைப் பற்றிப் பேசியிருக்கும். நிறம் விடிவதற்குள் போய்விடும். பகல் பதினொரு மணிக்கு வரும் பொறியாளர் கண்ணில் எதுவும் படாது. அவர் எழுதிய பதில் பொய்யாகவும் இருக்காது. கேட்க வேண்டியது உப்புக் கணக்கு.

முதலில் உங்கள் பக்கம் இருக்கும் சட்ட பலம். வேறு பல ஊர்களில் கழிவுநீர் அளவுக்கு மீறிக் கெட்டிருக்கிறது என்று காட்ட வேண்டியிருக்கும். திருப்பூர் சாயப்பட்டறைகளுக்கோ சொட்டுக் கழிவும் வெளியே விடக்கூடாது என்பதே நிபந்தனை. நொய்யல் பாசன விவசாயிகள் தொடுத்த வழக்கில் 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் இதற்குக் கெடு வைத்தது, 2009-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. நிறைவேற்றவில்லை என்பதால்தான் 2011 ஜனவரி 28 அன்று எல்லாப் பட்டறைகளையும் மூட உத்தரவு வந்தது. ஆகவே கழிவு வெளியே வந்ததைக் காட்டினாலே மீறல் நிரூபணமாகிவிடும்.

இப்போது கணக்கு. பருத்தித் துணிக்குப் போடும் ரியாக்டிவ் சாயத்தில் அடர் நிறம் ஏற்ற லிட்டருக்கு 60 கிராம் உப்பு, கிலோ துணிக்கு 8 லிட்டர் தண்ணீர் என்று வைத்துக்கொண்டால், ஒரு கிலோ துணிக்கு ஏறக்குறைய அரைக் கிலோ உப்பு. இந்த உப்பு எங்கும் மறையாது. கழிவுநீரைச் சவ்வு வழியாக வடிக்கும் ஆர்.ஓ. இயந்திரம் நல்ல தண்ணீரைப் பிரித்துக் கொடுத்துவிட்டு உப்பையெல்லாம் மிச்சத் தண்ணீரில் தள்ளும். அதை மறுபடி சாயம் போடப் பயன்படுத்த வேண்டும், இல்லையென்றால் இவாப்பரேட்டரில் கொதிக்கவைத்து உப்பாக எடுக்க வேண்டும். செலவு அதிகம் பிடிப்பது இந்தக் கடைசிக் கட்டம். விறகுக்கும் மின்சாரத்துக்கும் பணம் இல்லாதபோது முதலில் நிற்பதும் இதுதான். 2025 ஆகஸ்டில் இந்தியப் பொருட்களுக்கு அமெரிக்கா 50 விழுக்காடு வரி போட்டது போல, ஆர்டர் குறையும் சமயங்களில் இதன் மேல் கூடுதல் கண் வேண்டும்.

எனவே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். 10 ரூபாய் கோர்ட் பீ ஸ்டாம்ப் ஒட்டி, உங்கள் பகுதிக்குரிய மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். திருப்பூரில் வடக்கு, தெற்கு என்று இரண்டு அலுவலகம்; எது உங்களுடையது என்று பார்த்துக்கொள்ளுங்கள். ‘ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை?’ என்று கேட்டால் ‘இது தகவல் ஆகாது’ என்று திருப்பி விடுவார்கள். ஆவணமாகக் கேளுங்கள்: பட்டறைக்கு வாரியம் தந்த இசைவாணையும் (இயங்குவதற்கான அனுமதி) அதன் நிபந்தனைகளும், கடந்த 12 மாதத்தில் சுத்திகரிப்பு நிலையத்துக்கு உள்ளே வந்த கழிவுநீர், ஆர்.ஓ.வில் மீட்ட தண்ணீர், இவாப்பரேட்டருக்குப் போனது, எடுத்த உப்பு ஆகியவற்றின் மாதவாரி அளவு; இவாப்பரேட்டரின் மின் மீட்டர் பதிவு; ஆய்வறிக்கைகள். உள்ளே வந்த தண்ணீர் குறையாமல் இருந்து, இவாப்பரேட்டர் ஓட்டமும் உப்பும் மட்டும் பாதியாகியிருந்தால், மீதி எங்கே போயிற்று என்பதற்கு நிர்வாகம்தான் பதில் சொல்ல வேண்டும்.

வணிக ரகசியம் என்று மறுக்கலாம். பொதுநலன் பெரிதென்றால் அந்த விலக்கு நிற்காது என்று அதே சட்டத்தின் 8(1)(டி) பிரிவே சொல்கிறது. 30 நாளில் பதில் இல்லையென்றால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, பிறகு 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். ஆணையத்தில் தாமதமாகும், அதை மட்டும் நம்பிக் காத்திருக்க வேண்டாம். அதிகம் பேர் பயன்படுத்தாத ஒரு வழியும் உண்டு. நீர் மாசைத் தடுக்கும் 1974-ஆம் ஆண்டு நீர்ச் சட்டத்தின் 25(6) பிரிவின்படி, வாரியம் விதித்த நிபந்தனைகளின் பதிவேட்டைப் பாதிக்கப்பட்டவர் நேரில் போய்ப் பார்க்கலாம். பிரிவைக் குறிப்பிட்டு எழுத்தில் கேளுங்கள்.

தண்ணீர் மாதிரியில்தான் பலர் சறுக்குகிறார்கள். பழைய கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் பிடித்ததை யாரும் மதிக்க மாட்டார்கள். புது 2 லிட்டர் கேனை அதே தண்ணீரில் மூன்று முறை அலசி, காற்று நிற்காமல் விளிம்பு வரை நிரப்பி, ஐஸ் பெட்டியில் வைத்து 24 மணி நேரத்துக்குள் என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களின் தரத்தைச் சரிபார்க்கும் தேசிய அமைப்பு) அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்குக் கொடுங்கள். சந்தேகப்படும் இடத்துக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று, கிணற்றில் ஒன்று என மூன்று வேண்டும். மேலே எடுத்தது இல்லையென்றால் ‘தண்ணீர் வரும்போதே அப்படித்தான்’ என்று முடித்துவிடுவார்கள். டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவு), குளோரைடு, சல்பேட், சோடியம் பார்க்கச் சொல்லுங்கள். குடிநீருக்கு டி.டி.எஸ். லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியே இல்லாவிட்டால் 2,000 வரை. பிளீச்சிங் போட்டு நிறம் எடுத்துவிட்டால் தெளிவாகத் தெரியும் தண்ணீரிலும் உப்பு அப்படியே இருக்கும். கையடக்க டி.டி.எஸ். மீட்டரால் தினமும் ஒரே நேரத்தில் பார்த்து நோட்டில் எழுதி வந்தால், எந்த ராத்திரி விட்டார்கள் என்பது எண்ணிலேயே தெரியும்.

ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: நீங்கள் எடுத்த மாதிரியை வைத்து மட்டும் பட்டறைக்குத் தண்டனை வாங்க முடியாது. நீர்ச் சட்டம் 21-ன்படி, வாரிய அலுவலர் நோட்டீஸ் கொடுத்து, எடுத்த மாதிரியை இரண்டாகப் பிரித்து சீல் வைத்தால்தான் அது சட்டச் சாட்சியம். உங்கள் அறிக்கையின் வேலை, அவரை ராத்திரியில் வரவழைப்பது. தேதி, நேரம், எண்களோடு ‘இந்த நேரத்தில் மாதிரி எடுக்க வேண்டும்’ என்று கேளுங்கள். கிராம சபையில் தீர்மானம் போட்டு நகலை இணைத்தால் தனியாள் பகை என்று ஒதுக்க முடியாது.

அவசரமென்றால், பொதுத் தொல்லையை அகற்றச் சொல்லி, குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆம் பிரிவின் கீழ் (பழைய சட்டத்தில் 133) கோட்டாட்சியரிடம் போகலாம். நீர்ச் சட்டம் இருந்தாலும் இந்த அதிகாரம் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2003-ல் சொல்லிவிட்டது.

இதற்கும் அசையாவிட்டால் சென்னையில் உள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென் மண்டல அமர்வு. வக்கீல் இல்லாமலும் வாதாடலாம். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பாராமல் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவச வக்கீல் தரும். கோரிக்கையை ‘பட்டறைகளை மூடு’ என்று எழுதாதீர்கள். சுத்திகரிக்காத கழிவை வெளியே விடும் குறிப்பிட்ட பைபாஸ் குழாயை அடைப்பது, இவாப்பரேட்டர் ஓட்டத்தையும் உப்பு அளவையும் மாதாமாதம் பொதுவில் வெளியிடுவது, கிணறு சரியாகும்வரை குடிநீர், பயிர் இழப்பீடு என்று தனித்தனியாகக் கேளுங்கள். தவறு செய்யாத பட்டறைக்காரரும் இதை எதிர்க்க மாட்டார். செலவு செய்து உப்பு எடுப்பவருக்கு, ஓடையில் விடுபவர்தான் விலைப் போட்டி.

கால வரம்பைத் தவற விடாதீர்கள். தீர்ப்பாயத்தில் சுற்றுச்சூழல் தகராறு பற்றிய 14-ஆம் பிரிவு மனுவுக்கு 6 மாதம், 15-ஆம் பிரிவு இழப்பீட்டு மனுவுக்கு 5 ஆண்டு. இரண்டுக்கும் தகுந்த காரணம் காட்டினால் மேலும் 60 நாள். பிரச்சினை முதலில் எழுந்த நாளிலிருந்து இது ஓடுகிறது. ‘பத்து வருடமாக நடக்கிறது’ என்ற ஒரே வரியில் மனு தள்ளுபடியாகலாம். பழையதைப் பின்னணியாக வைத்து, ஒவ்வொரு ராத்திரி வெளியேற்றத்தையும் நோட்டில் உள்ள தேதியோடு தனி நிகழ்வாக எழுதுங்கள். கட்டணம் 1,000 ரூபாய். இழப்பீடு கேட்டால் கேட்கும் தொகையில் 1 விழுக்காடு, குறைந்தது 1,000.