கேஸ் உலை: சூடு ஏறவில்லை, செதில் நிற்கவில்லை

கேள்வி: வண்டியின் கமான் பட்டையில் அரிவாள் அடிக்கிறேன். கேஸை எவ்வளவு கூட்டினாலும் இரும்பு ஆரஞ்சு நிறத்தைத் தாண்ட மாட்டேன் என்கிறது.

பதில்: கேஸைக் கூட்டும் முன் உலையின் வாயைப் பாருங்கள். முன்னும் பின்னும் திறந்து கிடந்தால் சூடு அப்படியே வெளியே போய்விடும். பின்வாயை அடைத்துவிட்டு, முன்வாயில் இரும்பு நுழையும் அளவுக்கு மட்டும் இடம் விட்டு எடை குறைந்த தீச்செங்கல்லை வையுங்கள். முழுக்க அடைத்துவிடாதீர்கள், தீ பர்னர் குழாய்க்குள்ளேயே திரும்பி எரியத் தொடங்கும். அடுத்து உலையின் உள்ளளவு. முக்கால் அங்குலப் பர்னர் ஒன்று சுமார் 350 கன அங்குலம், அதாவது ஐந்தரை லிட்டருக்குச் சற்று அதிகமான இடத்துக்குத்தான் போதும். உள்ளே சூட்டை வெளியே விடாத செராமிக் கம்பளி 25 மி.மீ. கனத்தில் இரண்டு அடுக்கு இருக்கட்டும்.

கேள்வி: கரி உலையில் இவ்வளவு செதில் (சூட்டில் இரும்பின் மேல் உண்டாகி உரியும் கருப்புத் தோல்) வந்ததில்லை. கேஸுக்கு மாறிய பிறகு கத்தி முழுக்கக் குழி குழியாகிறது.

பதில்: கேஸின் மேல் தப்பில்லை, காற்றுதான் அதிகம். உலைக்குள் எரிந்து தீராத ஆக்சிஜன் மிஞ்சினால் அது நேராகச் சூடான இரும்பைத்தான் பிடிக்கும். புரொப்பேன் ஒரு பங்கு எரிய சுமார் 24 பங்கு காற்று வேண்டும், பியூட்டேனுக்கு 31. நம் சிலிண்டரில் இரண்டும் கலந்தே வருகின்றன. அதனால் வெளிநாட்டு வீடியோவில் பார்த்த காற்றுத் திறப்பு உங்கள் பர்னருக்கு அப்படியே பொருந்தாமல் போகலாம். கண்ணை நம்புங்கள். உலை நன்றாகச் சிவந்த பிறகு காற்றுத் திறப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடுங்கள். வாய்க்கு வெளியே சின்ன, மென்மையான தீநாக்கு எட்டிப் பார்த்தால் அதுதான் சரியான இடம். வெளியே தீயே தெரியாமல் பர்னர் சீறினால் காற்று அதிகம். மஞ்சளாக நீண்டு வழிந்தால் கேஸ் வீண், சூடும் குறையும்.

தீயின் கூர்முனை இரும்பின் மேல் நேராக அடிக்கக் கூடாது. கலவை எரிந்து முடிவதற்குள் இரும்பைத் தொட்டால் அந்த இடத்தில் மட்டும் செதில் தடிக்கும். பர்னரைச் சற்றுச் சாய்த்து, தீ சுவரோரம் சுழன்று வரும்படி வையுங்கள்.

நான் பார்த்தவரை பலரும் விடும் தவறு, டீ குடிக்கப் போகும்போது துண்டை உலைக்குள்ளேயே விட்டுப் போவது. 570 டிகிரி செல்சியஸுக்கு மேலே செதில் வேகமாக வளரும், சூடு இன்னும் ஏறினால் எஃகின் மேற்பரப்பில் இருக்கும் கரியும் (கார்பன்) எரிந்து போகும். அப்புறம் எவ்வளவு நன்றாகத் துவைச்சல் (சூடாக்கி முக்கிக் கடினமாக்குவது) கொடுத்தாலும் விளிம்பு மெத்தென்றுதான் இருக்கும். எடுத்தவுடன் கம்பி பிரஷால் தேய்த்துவிட்டு அடியுங்கள், தேய்க்காமல் அடித்தால் செதில் இரும்புக்குள் பதிந்து குழியாகும்.

கேள்வி: அரை மணி நேரத்தில் சிலிண்டரில் பனி படிந்து தீ தளர்கிறது.

பதில்: திரவம் ஆவியாகும்போது சிலிண்டர் குளிர்ந்து உள்ளே அழுத்தம் விழுகிறது. இரண்டு சிலிண்டர்களை இணைத்து எடுங்கள். எந்தக் காரணத்துக்காகவும் சிலிண்டருக்குத் தீ காட்டாதீர்கள், படுக்கவும் வைக்காதீர்கள். 14.2 கிலோ சிலிண்டர் அடுப்புக்கு உரியது, பட்டறைக்கு 19 கிலோ சிலிண்டர் வாங்குங்கள். அடுப்பு ரெகுலேட்டரின் அழுத்தம் உலைக்குப் போதாது.

கேள்வி: இரும்பு ஒட்டவைக்க வெண்காரம் போட்டேன். உலையின் அடிப்பாகம் கரைந்துவிட்டது.

பதில்: உருகிய வெண்காரம் செராமிக் கம்பளியைத் தின்றுவிடும். உலையின் தரையில் வார்ப்புத் தீக்காரை (சூடு தாங்கும் சிமென்ட் கலவை) பூசி, அதன் மேல் மாற்றக்கூடிய சூளைப் பலகை ஒன்றைப் போடுங்கள். சுவர்க் கம்பளிக்கும் பூச்சு அவசியம், கம்பளியின் தூள் நுரையீரலுக்குக் கெடுதல்.

கேள்வி: சாயங்காலம் வேலை முடிக்கும்போது தலைவலிக்கிறது. வெயிலா?

பதில்: வெயில் என்று விட்டுவிடாதீர்கள். செதிலைக் குறைக்கக் காற்றைக் குறைத்தால் கார்பன் மோனாக்சைடு கூடும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. இரண்டு பக்கமும் திறந்த கொட்டகையில் வேலை செய்யுங்கள், அந்த வாயு கூடினால் அபாய மணி அடிக்கும் கருவி ஒன்றை மூச்சு மட்டத்தில் மாட்டுங்கள். தலை வலித்தால் உடனே உலையை அணைத்துவிட்டு வெளியே வாருங்கள், வலி தீராவிட்டால் மருத்துவமனைக்குப் போங்கள்.