கணினி கேள்வி–பதில்: அழித்த வைரஸ் மறுநாளே திரும்பி வருகிறதே!

கேள்வி: விண்டோஸ் டிஃபெண்டர் ஒரு வைரஸைப் பிடித்து நீக்கிவிட்டதாகக் காட்டுகிறது. மறுநாள் கம்ப்யூட்டரை ஆன் செய்தால் அதே பெயர் மறுபடியும் வருகிறது. ஃபேன் ஓயாமல் இரைகிறது. டாஸ்க் மேனேஜரில் பார்த்தால் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. ஃபார்மேட் செய்துதான் ஆக வேண்டுமா? (ஈரோடு வாசகர்)

பதில்: டாஸ்க் மேனேஜரைத் திறந்த சில விநாடிகளில் இரைச்சல் அடங்கி, மூடியதும் மறுபடி கிளம்புகிறதா என்று பாருங்கள். அப்படியென்றால் உள்ளே இருப்பது பெரும்பாலும் கிரிப்டோ நாணயம் தோண்டும் மைனர். டாஸ்க் மேனேஜர் திறந்தால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடும்படிதான் இவற்றில் பலவற்றை எழுதியிருக்கிறார்கள்.

இப்படித் திரும்பி வரும்போது டிஃபெண்டர் பிடித்து அழிப்பது பெரும்பாலும் ஓடிக்கொண்டிருக்கும் ஃபைலை மட்டும். அதை ஒவ்வொரு முறையும் கொண்டுவந்து வைப்பது வேறொன்று. அதைத் தேடாமல் எத்தனை முறை ஸ்கேன் செய்தாலும் பலன் இருக்காது.

முதலில் வைஃபையை அணையுங்கள், கேபிள் என்றால் பிடுங்கிவிடுங்கள். அடுத்து, இந்தக் கம்ப்யூட்டரில் அல்லாமல் உங்கள் போனில் இருந்து மெயில், வங்கிக் கணக்கு பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள். மெயில் கணக்கில் 'எல்லா சாதனங்களிலிருந்தும் வெளியேறு' என்பதையும் கொடுங்கள். பிரவுசரில் ஏற்கெனவே லாகின் ஆகியிருப்பதற்கான குக்கியைத் திருடியிருந்தால், பாஸ்வேர்டும் ஓடிபியும் இல்லாமலே கணக்குக்குள் நுழைய முடியும்.

இப்போது விண்டோஸ் செக்யூரிட்டியில் 'வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்‌ஷன்', 'மேனேஜ் செட்டிங்ஸ்' என்று போய், கீழே 'எக்ஸ்குளூஷன்ஸ்' பட்டியலைத் திறங்கள். டிஃபெண்டர் எட்டிப் பார்க்கக் கூடாத இடங்கள் இதில்தான் இருக்கும். நீங்கள் சேர்க்காத ஃபோல்டரோ, மொத்த சி டிரைவுமோ அங்கே இருந்தால் வைரஸ் தனக்குத் தானே அனுமதிச் சீட்டு எழுதிக்கொண்டது என்று பொருள். நீக்குங்கள். அதே பக்கத்தில் 'டேம்பர் புரொடெக்‌ஷன்' ஆனில் இருக்கட்டும். (கிராக் சாஃப்ட்வேரோடு வரும் குறிப்பில் 'ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு இன்ஸ்டால் செய்யவும்' என்று இருக்கும். அதைக் கேட்டு நாமே கதவைத் திறந்துவிட்ட வீடுகள்தான் அதிகம்.)

அடுத்தது, குறித்த நேரத்தில் புரோகிராம்களைத் தானாக இயக்கும் டாஸ்க் ஷெட்யூலர். வைரஸைத் திரும்பக் கொண்டுவரும் ஏற்பாடு பெரும்பாலும் இங்கேதான் ஒளிந்திருக்கும். ஸ்டார்ட் மெனுவில் பெயரைத் தட்டித் திறந்து, லைப்ரரியில் உள்ள ஒவ்வொன்றிலும் 'ஆக்‌ஷன்ஸ்' பகுதியைப் பாருங்கள். பெயரை நம்ப வேண்டாம். 'கூகுள் அப்டேட்' என்று வைரஸும் பெயர் வைத்துக்கொள்ளும். எந்த ஃபைல் ஓடுகிறது, எந்த ஃபோல்டரில் இருந்து ஓடுகிறது என்பதே முக்கியம். ஸ்கிரிப்ட்களை இயக்க விண்டோஸிலேயே இருக்கும் பவர்ஷெல், டபிள்யூஸ்கிரிப்ட் (wscript), எம்எஸ்எச்டிஏ (mshta) இவற்றில் ஒன்றும், அதன் பின்னால் பொருளற்ற நீண்ட எழுத்துக் கோவையும் இருந்தால் அது சந்தேகத்துக்குரியது. ஆப்டேட்டா, புரோகிராம்டேட்டா ஃபோல்டருக்குள் இருந்து முன்பின் தெரியாத பெயரில் ஓடுவதும் அப்படியே. உடனே அழிக்காமல் 'டிசேபிள்' செய்து, ஃபைல் இருக்கும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். தவறாக எதையாவது நிறுத்தியிருந்தால் திரும்ப இயக்கலாமே.

கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது தானாக ஓடுபவை பதிவாகியிருக்கும் ஸ்டார்ட்அப் இடங்கள் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்க்க மைக்ரோசாஃப்ட்டின் 'ஆட்டோரன்ஸ்' இலவசமாகக் கிடைக்கிறது. வேறு கம்ப்யூட்டரில் இறக்கி, பென்டிரைவில் கொண்டுவந்து, அட்மினிஸ்ட்ரேட்டராக இயக்குங்கள். மஞ்சள் வரி என்றால் அந்த ஃபைல் இப்போது இல்லை. இளஞ்சிவப்பு என்றால் வெளியிட்டவரின் டிஜிட்டல் கையொப்பம் உறுதியாகவில்லை. இளஞ்சிவப்பு எல்லாம் வைரஸ் அல்ல, பழைய பிரின்டர் மென்பொருள்கூட அப்படி வரும். இதிலும் சந்தேகத்துக்குரியதை அழிக்காமல் டிக்கை மட்டும் எடுத்தால் போதும்.

இதற்குப் பிறகு நெட்டைச் சில நிமிடம் இணைத்து டிஃபெண்டரை அப்டேட் செய்யுங்கள். ஸ்கேன் ஆப்ஷன்ஸில் 'ஆஃப்லைன் ஸ்கேன்' கொடுங்கள். விண்டோஸ் ஏறுவதற்கு முன்பே இது ஓடுவதால் வைரஸ் விழித்துக்கொண்டு தடுக்க முடியாது. கால் மணி நேரம் ஆகும். டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் வசதி உள்ள லேப்டாப் என்றால் ரெக்கவரி கீயை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள், கேட்டாலும் கேட்கும். பிறகு இரண்டாவது கருத்துக்கு மைக்ரோசாஃப்ட் சேஃப்டி ஸ்கேனரை ஒரு முறை ஓட்டலாம். இறக்கிய 10 நாளில் அது காலாவதியாகும், ஆகவே பழையதை வைத்துக்கொண்டு ஓட்டாதீர்கள்.

இரண்டு நாள் கழித்து டாஸ்க் ஷெட்யூலரை மறுபடி பாருங்கள். நிறுத்தியது திரும்ப முளைத்திருந்தாலோ, டிஃபெண்டர் ஆன் ஆகவே மறுத்தாலோ மல்லுக்கட்ட வேண்டாம், ஃபார்மேட்தான். 'ஃபைல்களை வைத்துக்கொண்டு ரீசெட்' என்பதைத் தவிருங்கள். நல்ல கம்ப்யூட்டர் ஒன்றில் 'மீடியா கிரியேஷன் டூல்' கொண்டு 8 ஜிபி பென்டிரைவில் விண்டோஸை ஏற்றி, அதிலிருந்து பூட் செய்து, விண்டோஸ் இருந்த டிஸ்க்கின் பார்ட்டிஷன்களை அழித்துவிட்டு நிறுவுங்கள். டி டிரைவும் அதே டிஸ்க்கில் இருந்தால் அதுவும் போய்விடும். முன்னதாக போட்டோக்களையும் ஆவணங்களையும் மட்டும் காப்பி எடுங்கள். விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டதால், கம்ப்யூட்டர் தாங்குமானால் 11-ஐயே போடுங்கள். சி டிரைவை மட்டும் ஃபார்மேட் செய்துவிட்டு, டி டிரைவில் பத்திரமாக வைத்திருந்த அதே கிராக் செட்டப்பை மறுபடி இயக்குகிறவர்களுக்குத்தான் 'ஃபார்மேட் செய்தும் போகவில்லை' என்ற நிலை வருகிறது.

கேள்வி: குரோமில் எதைத் தேடினாலும் வேறு ஏதோ பக்கத்துக்குப் போகிறது. குரோமை அழித்துத் திரும்பப் போட்டும் சரியாகவில்லை. (யாழ்ப்பாணம் வாசகி)

பதில்: மூன்று புள்ளி மெனுவின் அடியில் 'உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது' என்று வருகிறதா? அலுவலக லேப்டாப் என்றால் அது இயல்பு, தொடாதீர்கள். வீட்டுக் கம்ப்யூட்டரில் வந்தால், பெரும்பாலும் ஏதோ ஒன்று, விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியில் பாலிசி (கட்டாய விதி) எழுதி, குரோமில் ஒரு எக்ஸ்டென்ஷனை (கூடுதல் நிரலை) திணித்திருக்கிறது. குரோமை நீக்கினாலும் அந்தப் பதிவு போகாது. ரெஜிஸ்ட்ரி எடிட்டரில் 'லோக்கல் மெஷின்', 'கரன்ட் யூசர்' இரண்டிலும் சாஃப்ட்வேர், பாலிசீஸ், கூகுள், குரோம் என்று இறங்குங்கள். அந்தப் பதிவை எக்ஸ்போர்ட் செய்து வைத்துக்கொண்டு 'குரோம்' ஃபோல்டரை அழியுங்கள். ரீஸ்டார்ட் செய்த பிறகு எக்ஸ்டென்ஷனை நீக்க முடியும். குரோமின் சிங்க் ஆனில் இருந்தால் அந்த எக்ஸ்டென்ஷன் உங்கள் கூகுள் கணக்கு வழியாகத் திரும்பிவிடும். முதலில் அதை நிறுத்துங்கள்.

கேள்வி: ஜெராக்ஸ் கடையில் பிரின்ட் எடுத்து வந்த பென்டிரைவில் ஃபைல்கள் எல்லாம் ஷார்ட்கட்டாகிவிட்டன. (திண்டுக்கல் வாசகர்)

பதில்: ஷார்ட்கட்டை டபுள் கிளிக் செய்யாதீர்கள், வைரஸை இயக்கும் பொத்தானே அதுதான். ஃபைல்கள் பெரும்பாலும் அழிந்திருக்காது. பெயரில்லாத ஒரு மறைவு ஃபோல்டருக்குள் தள்ளப்பட்டிருக்கும். எக்ஸ்புளோரரின் 'ஃபோல்டர் ஆப்ஷன்ஸ்', 'வியூ' பகுதியில் மறைந்த ஃபைல்களைக் காட்டச் சொல்லுங்கள். அதற்குக் கீழே 'பாதுகாக்கப்பட்ட சிஸ்டம் ஃபைல்களை மறை' என்ற டிக்கையும் எடுங்கள். இரண்டாவதைச் செய்யாததால்தான் பலருக்கு ஃபோல்டர் கண்ணில் படுவதில்லை. உள்ளே இருக்கும் ஆவணங்களை மட்டும் காப்பி எடுத்துவிட்டு பென்டிரைவை ஃபார்மேட் செய்யுங்கள்.

ஏற்கெனவே கிளிக் செய்துவிட்டீர்களா? காலியான பென்டிரைவில் சும்மா ஒரு ஃபைலைப் போட்டுச் செருகிப் பாருங்கள். கொஞ்ச நேரத்தில் அது ஷார்ட்கட்டானால் கம்ப்யூட்டரும் பாதிக்கப்பட்டிருக்கிறது. டாஸ்க் மேனேஜரில் டபிள்யூஸ்கிரிப்ட் ஓடினால் முதலில் அதை நிறுத்துங்கள். பிறகு ஸ்டார்ட்அப் பதிவு, கடைசியாக ஆப்டேட்டாவில் உள்ள ஸ்கிரிப்ட் ஃபைல். வரிசை மாறினால் ஓடிக்கொண்டிருக்கும் ஸ்கிரிப்ட் அழித்ததை எல்லாம் திரும்ப எழுதிவிடும்.

கேள்வி: போட்டோக்களின் பெயருக்குப் பின்னால் புதிதாக நான்கு எழுத்துகள் சேர்ந்து, எதுவும் திறக்கவில்லை. பணம் கேட்டு 'ரீட்மி' என்ற குறிப்பு இருக்கிறது. (திருநெல்வேலி வாசகர்)

பதில்: அடையாளம் எல்லாம் 'ஸ்டாப்' அல்லது 'டிஜேவு' எனப்படும் ரேன்சம்வேரை (ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸை) காட்டுகின்றன. பணம் கட்டாதீர்கள். முதலில் வைரஸை நீக்குங்கள், இல்லாவிட்டால் மீட்டதையும் மறுபடி பூட்டும். கூடவே பாஸ்வேர்டு திருடும் நிரலையும் இது இறக்குவதுண்டு, ஆகவே மேலே சொன்ன பாஸ்வேர்டு மாற்றம் உங்களுக்கும் பொருந்தும். குறிப்பில் உள்ள அடையாள எண் 't1' என்று முடிந்தால் எம்சிசாஃப்ட் நிறுவனத்தின் இலவச டிகிரிப்டர் (பூட்டைத் திறக்கும் மென்பொருள்) திறக்க வாய்ப்பு உண்டு. மற்றவற்றுக்கு இப்போது சாவி கிடைப்பது கடினம். ஆனால் இது ஒவ்வொரு ஃபைலிலும் முதல் 150 கேபி அளவை மட்டுமே பூட்டுவதால், பெரிய வீடியோக்களை ரிப்பேர் மென்பொருளால் ஓரளவு மீட்கலாம்; சின்ன போட்டோக்களுக்கு இது உதவாது. பண இழப்பு நேர்ந்திருந்தால் இந்திய சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு உடனே அழையுங்கள். பூட்டிய ஃபைல்களையும் அந்தக் குறிப்பையும் அழிக்காமல் ஒரு வெளி டிஸ்க்கில் சேர்த்து வையுங்கள். சாவி பின்னால் வெளியானால் திறக்க இரண்டும் வேண்டியிருக்கும்.