சனி, ஞாயிறில் கரண்டைக் குடிப்பது யார்?

கேள்வி: தென்காசியில் அரசுப் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். எங்களுடையது ஏழு வருடம் ஓடிய பெட்ரோல் கார். வெள்ளி மாலை ஆறு மணிக்கு நிறுத்தினால் திங்கள் காலை எட்டு மணிக்கு செல்ஃப் எடுப்பதில்லை. 'டக் டக்' சத்தம் மட்டும் வருகிறது. வாரநாட்களில் தொந்தரவு இல்லை. பள்ளி 4 கிலோமீட்டர்தான். நான்கு மாதம் முன்பு 35 ஆம்பியர் பேட்டரி புதிதாகப் போட்டோம். விற்ற கடைக்காரர் டெஸ்ட் செய்து நன்றாக இருக்கிறது என்கிறார். ஒர்க்ஷாப்பில் சார்ஜ் 14.2 வோல்ட் சரியாக வருகிறது, பேட்டரியை மாற்றிப் பாருங்கள் என்கிறார்கள். டச் ஸ்கிரீன் செட் மாட்டிய பிறகுதான் பழைய பேட்டரியும் போனது என்கிறான் மகன். இன்னொன்று வாங்கிவிடவா?

பதில்: வாங்காதீர்கள் டீச்சர். அதுவும் அடுத்த திங்கட்கிழமை 'டக் டக்' என்றுதான் சொல்லும். முப்பது வருடம் ஆட்டோ எலக்ட்ரிக் கடை வைத்திருந்தேன். நல்ல பேட்டரியை எக்ஸ்சேஞ்சில் போட்டுவிட்டு மறுபடியும் வந்து நின்றவர்கள் எத்தனையோ பேர்.

உங்கள் கடிதத்திலேயே கணக்கு இருக்கிறது. வெள்ளி மாலையிலிருந்து திங்கள் காலை வரை 62 மணி நேரம். 35 ஆம்பியர் பேட்டரி என்றால் 35 ஆம்பியர்-மணி. அதில் பாதி, சுமார் 17, போனாலே செல்ஃப் மோட்டார் முக்க ஆரம்பிக்கும். பதினேழை 62-ஆல் வகுத்தால் 0.27, அதாவது நிறுத்திய காரில் சுமார் 270 மில்லி ஆம்பியர் கரண்ட் கசிகிறது. கடிகாரம், ரிமோட் லாக் எல்லாம் சேர்ந்து, தூங்கும் காருக்கு 50-க்குள் இருந்தால் போதும். தினம் 4 கிலோமீட்டர் ஓட்டத்தில் உங்கள் பேட்டரி முழுசாக ஏறியிருக்காது. அதனால் கசிவு நான் சொன்னதைவிடக் குறைவாகவும் இருக்கலாம். எப்படியும் பெரிய கோளாறாக இருக்க வேண்டியதில்லை. டிக்கியில் அணையாமல் எரியும் 5 வாட் பல்பு ஒன்றே 400 மில்லி ஆம்பியர் இழுத்துவிடும்.

முதலில் செலவில்லாத சோதனை. இந்த வெள்ளிக்கிழமை பத்தாம் நம்பர் ஸ்பேனரால் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றி ஒதுக்கி வையுங்கள். ரிமோட் வேலை செய்யாது, சாவியால் பூட்டுங்கள். திங்கட்கிழமை ஒயரை மாட்டியதும் ஜம்மென்று ஸ்டார்ட் ஆனால் பேட்டரி மேல் பழியில்லை, காரில்தான் கசிவு. ஆகாவிட்டால் கடைக்காரரிடம் வாரண்டி கேளுங்கள்.

கசிவு என்று தெரிந்தால், 10 ஆம்பியர் வரை அளக்கும் டிஜிட்டல் மீட்டர் வேண்டும். மகனைச் செய்யச் சொல்லுங்கள். சிவப்பு ஒயர் மீட்டரின் 10 ஆம்பியர் துளையில் இருக்கட்டும். கழற்றிய நெகட்டிவ் ஒயருக்கும் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் நடுவில் மீட்டரைப் பிடிக்க வேண்டும். அந்த நேரத்தில் சாவியைத் திருப்பவே கூடாது, மீட்டரின் பியூஸ் போய்விடும்.

இங்கேதான் எல்லோரும் அவசரப்படுகிறார்கள். நானும் பட்டிருக்கிறேன். ஒருமுறை மீட்டர் 2 ஆம்பியர் காட்டியதும் அரை நாள் ஒயராகப் பிரித்தேன். கடைசியில் பார்த்தால் கதவு திறந்திருந்தது, கார் தூங்கவே இல்லை. பியூஸ் பாக்ஸுக்காகக் கதவைத் திறந்து வைத்தால், கதவின் பூட்டு நாக்கை ஸ்க்ரூ டிரைவரால் மடக்கிவிடுங்கள். கதவு மூடியிருப்பதாகக் கார் நினைத்துக்கொள்ளும். (கதவைச் சாத்தும் முன் கைப்பிடியை இழுத்து அதை விடுவிக்க மறக்க வேண்டாம்.) அப்புறம் அரை மணி நேரம் போய் டீ குடித்துவிட்டு வந்து எண்ணைப் பாருங்கள்.

அப்போதும் 50 மில்லி ஆம்பியருக்கு மேல் (10 ஆம்பியர் அளவில் மீட்டர் 0.05 என்று காட்டும்) இருந்தால் பியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கலாம். எதைப் பிடுங்கும்போது எண் சரிகிறதோ அந்த லைனில்தான் திருடன். ஆனால் பிடுங்கிய பியூஸைத் திரும்பச் செருகினால் சில கார்கள் விழித்துக்கொள்ளும். அதனால் எனக்குப் பிடித்தது வேறு வழி. மீட்டரை எடுத்துவிட்டு நெகட்டிவ் ஒயரை மாட்டி, மறுபடி அரை மணி நேரம் விடுங்கள். மீட்டரின் சிவப்பு ஒயரை வோல்ட் துளைக்கு மாற்றி, மில்லி வோல்ட்டில் வையுங்கள். பியூஸின் தலையில் தெரியும் இரண்டு உலோகப் புள்ளிகளையும் தொடுங்கள். சுழி காட்டினால் அதில் கரண்ட் ஓடவில்லை. எல்லா பியூஸும் சுத்தமாக இருந்தால் பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரின் டயோடு கசியலாம். அதை எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள்.

டிக்கி விளக்குக்கு மீட்டர்கூட வேண்டாம். செல்போனில் வீடியோவை ஓடவிட்டு டிக்கிக்குள் வைத்து மூடுங்கள். விளக்கு அணைகிறதா இல்லையா என்று அதுவே சொல்லிவிடும். டேஷ்போர்டு பெட்டிக்கும் இதே வைத்தியம்தான்.

இனி உங்கள் மகன் சொன்னது. என் சந்தேகமும் அந்த செட் மேல்தான். வெளியில் வாங்கும் செட்டில் பொதுவாக மஞ்சள் ஒயர் பேட்டரிக்கு நேராகப் போக வேண்டும், சிவப்பு சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும் இடத்துக்குப் போக வேண்டும். சாவி இல்லாமலும் பாட்டுக் கேட்கட்டும் என்று சிலர் இரண்டையும் சேர்த்து முறுக்கி டேப் சுற்றிவிடுவார்கள். திரை இருட்டாக இருந்தாலும் செட் உள்ளே விழித்துக்கொண்டிருக்கும். அப்படித்தான் இருந்தால், சிவப்பைப் பிரித்துச் சரியான இடத்தில் மாட்ட அரை மணி நேர வேலை.

ஆனால் அளக்காமல் செட்டைக் கழற்ற வேண்டாம். மீட்டரில் வந்த எண்ணையும் எந்த பியூஸ் என்பதையும் எழுதுங்கள், மேற்கொண்டு சொல்கிறேன்.