சந்தேகத்தோடு முழங்கால் போடலாமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எனக்கு 43 வயது. சிறுவயதிலிருந்தே விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து ஜெபம் பண்ணுகிற பழக்கம் உண்டு. என் கணவருக்குச் சிறுநீரகம் பழுதாகி, இப்போது வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். சில மாதங்களாக முழங்கால் போட்டால் வார்த்தையே வருவதில்லை. யாரும் கேட்கவில்லையோ என்று பயமாக இருக்கிறது. சந்தேகப்படுகிறவன் எதையும் பெறமாட்டான் என்று யாக்கோபு நிருபத்தில் இருக்கிறதே, அப்படியென்றால் நான் ஜெபம் பண்ணுவது கர்த்தரை ஏமாற்றுவது ஆகாதா? கொஞ்ச நாள் நிறுத்தி வைக்கலாமா?
– பெயர் வேண்டாம், திருநெல்வேலி மாவட்டம்

பதில்: நிறுத்தாதீர்கள் சகோதரி. ஆனால் இதுவரை பண்ணியது போலவே பண்ண வேண்டும் என்றும் இல்லை.

முதலில் அந்த யாக்கோபு வசனம். உங்களைப் போலப் பலரை அது வாட்டுகிறது, காரணம், ஆறாம் வசனத்தை மட்டும் தனியாகப் பிடுங்கி நம் தலையில் போட்டுவிடுகிறார்கள். அதற்கு முந்தின ஐந்தாம் வசனத்தை வாசியுங்கள். தேவன் "ஒருவரையும் கடிந்துகொள்ளாதவர்" என்று சொல்லிவிட்டுத்தான் யாக்கோபு மேலே போகிறார். எட்டாம் வசனத்தில் அவர் குறை சொல்வது இருமனமுள்ளவனை, அதாவது இங்கே ஒரு கால் அங்கே ஒரு கால் வைத்துக்கொண்டு எந்தப் பக்கமும் சேராமல் இருக்கிறவனை. போக வேறு இடம் இல்லாமல், கேட்கிறாரா என்றுகூடத் தெரியாமல், விடியுமுன் எழுந்து தரையில் உட்காருகிற ஒரு மனைவியை அல்ல. மாற்கு 9-ஆம் அதிகாரத்தில் மகனைத் தூக்கிக்கொண்டு வந்த தகப்பன் என்ன சொன்னான்? விசுவாசிக்கிறேன், என் அவிசுவாசம் நீங்க உதவி செய்யும் என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னான். முதலில் அவிசுவாசத்தைச் சரிபண்ணிக்கொண்டு வா என்று இயேசு அவனைத் திருப்பி அனுப்பவில்லை, பையனைச் சுகமாக்கினார்.

அப்புறம், உங்களுக்கு விசுவாசம் போதவில்லை, அதனால்தான் கணவருக்குச் சுகம் வரவில்லை என்று யாராவது சொல்லியிருந்தால், தயவுசெய்து அதை மனதில் ஏற்றாதீர்கள். அது கொடுமையான பேச்சு. நம் சபைகளில் சாட்சி சொல்ல எழுந்து நிற்கிறவர்கள் பெரும்பாலும் பிரச்சினை தீர்ந்தவர்கள்தான். தீராமல் இன்னும் காத்துக்கொண்டிருக்கிறவர்களுக்கு மைக் கிடைப்பதில்லை, அதனால் நமக்கு மட்டும்தான் இப்படி என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வருகிறோம்.

ஆனால் வேதாகமத்தில் அவர்களுக்கு இடம் இருக்கிறது. 88-ஆம் சங்கீதத்தை எடுத்து முழுதாக வாசியுங்கள். புலம்பலாகத் தொடங்கி ஸ்தோத்திரத்தில் முடிகிற சங்கீதங்கள் நிறைய உண்டு, இது அந்த வகை இல்லை. ஏன் என்னைத் தள்ளுகிறீர், ஏன் முகத்தை மறைக்கிறீர் என்று கேட்டுக்கொண்டே போய், சிநேகிதரும் விலகிப்போனார்கள் என்று இருட்டிலேயே முடிந்துவிடுகிறது. ஒரு ஆறுதல் வரிகூடக் கடைசியில் ஒட்டவைக்கப்படவில்லை. அப்படிப்பட்ட பாட்டின் நடுவில், 13-ஆம் வசனத்தில், "காலையிலே என் விண்ணப்பம் உமக்கு முன்பாக வரும்" என்று இருக்கிறது. இதை எழுதியவருக்குப் பதில் கிடைத்ததாகச் சங்கீதத்தில் எங்கும் இல்லை, ஆனாலும் காலையில் வந்து நிற்கிறார். இதுவும் காலை ஜெபம்தான் சகோதரி, அதுவும் வேதத்திலேயே எழுதி வைக்கப்பட்ட காலை ஜெபம்.

1662-ஆம் ஆண்டின் ஆங்கிலிக்கன் ஜெபப்புத்தகத்தில் 150 சங்கீதங்களையும் 30 நாளுக்குப் பங்கிட்டு, காலைக்கும் மாலைக்கும் கொடுத்திருப்பார்கள். அதில் இந்த 88-ஆம் சங்கீதம் வருவது ஒவ்வொரு மாதமும் 17-ஆம் தேதி காலையில். வாசிக்கிறவர் அன்றைக்குச் சந்தோஷமாக இருந்தாலும் துக்கமாக இருந்தாலும் அதை வாசித்தே ஆக வேண்டும். எனக்கு இது மிகவும் பிடித்த ஏற்பாடு. சந்தோஷமாக இருக்கிறவர் அன்று காலை உங்களைப் போன்ற ஒருவருக்காக அந்த வார்த்தைகளைச் சொல்கிறார். நீங்கள் சொல்ல முடியாத நாளில், உங்களுக்குப் பதிலாக வேறொருவர் சொல்லிக்கொண்டிருப்பார்.

ஜெர்மனியில் ஹிட்லரை எதிர்த்ததற்காகச் சிறைப்பட்ட போதகர் டீட்ரிக் போன்ஹோபரைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1943 கிறிஸ்துமஸ் சமயத்தில், பெர்லினின் டேகல் சிறையில் இருந்தபோது, கூட இருந்த கைதிகளுக்காகச் சில ஜெபங்களை எழுதிக் கொடுத்தார். அதில் ஒன்று காலை ஜெபம். அது எப்படித் தொடங்குகிறது தெரியுமா? விடியற்காலையில் உம்மைக் கூப்பிடுகிறேன், ஜெபம் பண்ணவும் என் நினைவுகளை உம்மிடம் திருப்பவும் எனக்கு உதவி செய்யும், இதை என்னால் தனியாகச் செய்ய முடியவில்லை என்று. அப்புறம்தான் எனக்குள் இருட்டு, உம்மிடத்தில் வெளிச்சம் என்று வருகிறது. அந்தப் பகுதியின் முடிவில், உமது வழிகள் எனக்குப் புரியவில்லை, எனக்கான வழி உமக்குத் தெரியும் என்கிறார். அவர் விடுதலை ஆகவில்லை. 1945 ஏப்ரல் 9-ஆம் தேதி தூக்கிலிடப்பட்டார். பெரிய வேத பண்டிதர், பல பேருக்கு ஜெபிக்கக் கற்றுக்கொடுத்தவர், அவரே ஜெபிக்க முடியவில்லை, உதவி செய்யும் என்றுதான் ஆரம்பித்தார் என்றால் நீங்கள் ஏன் கூச்சப்பட வேண்டும்?

இனி நாளைக் காலைக்கு வருவோம். டயாலிசிஸ் உள்ள நாளில் நீளமான ஜெபம் வேண்டாம். ஃபைலும் போர்வையும் எடுத்து வைத்து, அவருக்கு இட்லி கட்டி, தண்ணீர் அளவு பார்த்து, ஆட்டோவுக்குச் சொல்லி என்று அந்த ஐந்து மணி எப்படி ஓடும் என்று எனக்குத் தெரியும். அடுப்படியில் நின்றபடியே மாற்கு 9-இல் அந்தத் தகப்பன் சொன்ன ஒரு வரியைச் சொல்லுங்கள், போதும். மற்ற நாட்களில் சொந்த வார்த்தைக்காகப் போராடாமல் ஒரு சங்கீதத்தைச் சத்தமாக வாசியுங்கள், 13 அல்லது 88 அல்லது 130. அதற்குமேல் சொல்ல ஒன்றும் இல்லையென்றால் இயேசு கற்றுக்கொடுத்த பரமண்டல ஜெபத்தோடு எழுந்துவிடுங்கள். கண்ணீர் வந்தால் வரட்டும், கோபம் வந்தால் அதையும் அவரிடமே சொல்லுங்கள். ஒன்றும் தோன்றாமல் உட்கார்ந்திருந்தாலும் குற்றமில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தூக்கம் வருவதில்லை, சாப்பாடு இறங்குவதில்லை, எதிலும் பிடிப்பில்லை என்று வாரக்கணக்கில் போனால் டாக்டரிடம் காட்டுங்கள். அது அவிசுவாசம் இல்லை, உடம்பும் மனதும் களைத்துப்போவது. சாக வேண்டும் என்று சூரைச்செடியின் கீழ் படுத்த எலியா தீர்க்கதரிசிக்குத் தூதன் பிரசங்கம் பண்ணவில்லை. சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான், அவர் மறுபடியும் படுத்துத் தூங்கியதையும் தடுக்கவில்லை. அப்படியே சபையில் நம்பிக்கையான ஒரு அக்காவிடம், என்னால் ஜெபிக்க முடியவில்லை, எனக்காக நீங்கள் காலையில் ஜெபியுங்கள் என்று நேராகக் கேளுங்கள்.

கேள்வி: எனக்கு நைட் ஷிப்ட். வீட்டுக்கு வரவே காலை எட்டு ஆகிவிடுகிறது. அதிகாலையில் ஜெபிக்காததால்தான் மனதில் இவ்வளவு குழப்பமா?
– வாசகர், ஓசூர்

பதில்: இல்லை தம்பி. இயேசு அதிகாலையில் இருட்டோடே எழுந்து ஜெபித்தார் என்று மாற்கு எழுதியிருப்பது உண்மை, ஆனால் இரவு முழுவதும் ஜெபித்தார் என்று லூக்கா எழுதியதும் உண்மை. நேரத்துக்குத் தனிச் சக்தி எதுவும் கிடையாது. உலகம் இழுக்கும் முன் அவரிடம் போகலாம் என்பதுதான் காலை ஜெபத்தின் நோக்கம். உங்கள் நாள் எப்போது தொடங்குகிறதோ அதுதான் உங்கள் காலை. மத்தியானம் மூன்று மணிக்கு எழுந்தால் போனை எடுக்கும் முன் ஜெபியுங்கள். எட்டு மணிக்குக் கண் சொருக வந்து நிற்கும்போது பண்ணுகிற ஜெபத்தில் குழப்பம் அதிகமாகத்தான் தெரியும், முதலில் தூங்குங்கள்.

கேள்வி: பிளஸ் ஒன் படிக்கும் மகன் கடவுள் இருக்கிறாரா என்றே தெரியவில்லை, நான் ஏன் காலைக் குடும்ப ஜெபத்துக்கு வர வேண்டும் என்கிறான். அவன் அப்பா அடிக்கப் போய்விட்டார். என்ன செய்வது?
– ஒரு தாய், நாகர்கோவில்

பதில்: அடிக்கவே கூடாது, அதை முதலில் அப்பாவிடம் சொல்லுங்கள். இந்தியாவுக்கு வந்தார் என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிற தோமா, காயங்களைப் பார்க்காமல் விசுவாசிக்கமாட்டேன் என்று மற்றச் சீஷர்கள் முகத்துக்கு நேரே சொன்னவர். அதற்கு அடுத்த வசனத்தைக் கவனியுங்கள், யோவான் 20:26. எட்டு நாள் கழித்தும் அவர் அவர்களோடு அதே வீட்டுக்குள் இருக்கிறார். நம்பாதவனுக்கு இங்கே இடமில்லை என்று யாரும் துரத்தவில்லை, அவரும் கோபித்துக்கொண்டு போய்விடவில்லை. இயேசு வந்தபோது அவர் உள்ளே இருந்தார்.

அதனால் மகனிடம், நீ நம்புகிறாய் என்று நடிக்க வேண்டாம், எங்களோடு பத்து நிமிஷம் உட்காரு, அது போதும் என்று சொல்லுங்கள். ஜெபம் பண்ணச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். உங்கள் ஜெபத்தில் அவனைக் குத்திக் காட்டாதீர்கள், ஆண்டவரிடம் சொல்வது போல மகனைத் திட்டுகிற அந்த ஜெபத்தைப் பிள்ளைகள் நன்றாகவே கண்டுபிடித்துவிடுவார்கள். வாசிப்பு முறை அவனுக்கு வந்தால் யோபுவிலிருந்தோ ஆபகூக்கிலிருந்தோ வாசிக்கக் கொடுங்கள், கேள்வி கேட்கிறவர்கள் இந்தப் புத்தகத்துக்குள்ளும் இருக்கிறார்கள் என்று தெரியட்டும். பரீட்சை நாளில் அவனுக்குத் தூக்கம் வேண்டுமென்றால் விட்டுவிடுங்கள். அவன் கேட்கிற கேள்விக்கு உங்களுக்குப் பதில் தெரியாவிட்டால் தெரியாது என்றே சொல்லுங்கள், ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் இரண்டு பேருமாகப் போய் சபைப் போதகர் ஐயரிடம் கேளுங்கள்.